விடுமுறை விட்டால் புகை போய்விடுமா?

தெலங்கானாவில் மார்ச் நடுவில் ‘ஒண்டிபூட்ட படுலு’ தொடங்கிவிடும். காலை 8 மணிக்குப் பள்ளி மணி அடித்து, மதியம் 12.30-க்கெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும் அரைநாள் பள்ளி அது. வெயிலுக்காக ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடு. கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரின் பள்ளி வேன்களும் டியூஷன் சென்டர்களும் வீட்டுச் சமையலறைகளும் அந்த நேரத்துக்குத் தங்களை மாற்றிக்கொள்ளும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வெயில் வந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே தெரியும்.

புகை வந்தால்? அதற்கு நம் நாட்டு நிர்வாகங்களின் கைவசம் இருக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விடுமுறை.

புகை ஏ.எஸ்.ராவ் நகருக்குத் தொலைதூர விவகாரம் இல்லை. நல்லமலைக் காட்டில், அம்ராபாத் புலிகள் காப்பகத்தில், பிப்ரவரி, மார்ச்சில் தீப்பிடிப்பது வழக்கம்தான் என்றாலும் அந்தப் புகை இவ்வளவு தூரம் வந்து வாட்டுவது அரிது. பக்கத்துப் புகைதான் கவலை. வடகிழக்கே சில கிலோமீட்டரில் ஜவஹர்நகர் குப்பைக்கிடங்கு இருக்கிறது. மாநகரத்துக் குப்பையில் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேர்கிறது. சுமார் 1.2 கோடி டன் பழைய குப்பையை மூடி மேலே மண் போட்டிருக்கிறார்கள், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் 2020 முதல் இயங்குகிறது. நிலைமை முன்னைவிட மேல். ஆனாலும் மட்கும் குப்பையில் மீத்தேன் ஊறிக்கொண்டே இருக்கும். கோடையில் தீ பிடிக்க அது போதும். இன்னொரு பக்கம் செர்லபள்ளி தொழிற்பேட்டை. போதாததற்கு, காலையில் தெருவைப் பெருக்கிக் குவித்த சருகுக்கு அங்கேயே தீ வைக்கும் பழக்கம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவு சருகு எரிக்கும் கைக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

புகை விடுமுறையின் நிறைகுறைகளை எடைபோட வேண்டுமானால், அதை அதிகம் பயன்படுத்திய ஊருக்குப் போக வேண்டும். அது தில்லி. 2016 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெற்தாள் எரிந்த புகையும் தீபாவளிப் பட்டாசும் வாகனப் புகையும் ஒன்றுசேர, மாநகராட்சிகள் முதலில் தங்கள் பள்ளிகளை ஒரு நாள் மூடின. அடுத்து மாநில அரசு எல்லாப் பள்ளிகளையும் மூன்று நாள் மூடியது. அன்று அது அபூர்வச் செய்தி. 2017-இல் மறுபடியும் மூடல். 2019-இல் மூடலோடு 50 இலட்சம் முகக்கவசங்களும் பள்ளிகள் வழியே விநியோகமாயின. 2021-இல் மூடித் திறந்து மீண்டும் மூடினார்கள். 2023-இல் குளிர்கால விடுமுறையையே நவம்பருக்கு இழுத்து வந்தார்கள். 2024 நவம்பர் 18-இல் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியபோது வகுப்புகள் இணையத்துக்குப் போயின. எட்டே ஆண்டுகளில் அவசரகால நடவடிக்கை பருவகாலச் சடங்காகிவிட்டது.

விடுமுறையின் பக்கம் நியாயம் உண்டு. அதை முதலில் பார்த்துவிடலாம். குழந்தை தன் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. நுரையீரலும் வளர்ந்துகொண்டிருக்கும் பருவம். ஓடும்போது மூச்சு பன்மடங்காகும். வாய்வழி மூச்சும் சேர்ந்துகொள்ளும். வேனில் முக்கால் மணி நேரம், மைதானத்தில் பிரேயர், நடுவில் பி.டி. பீரியடு என்று பள்ளி நாளின் பெரும்பகுதி வெளிக்காற்றில் போகிறது. வீசிங் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் நெபுலைசரில் முடியலாம். எரிவதால் வரும் புகை மற்ற மாசைவிடக் கொடியது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது: தெற்குக் கலிபோர்னியாவில் 14 ஆண்டு மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டுத்தீப் புகையின் நுண்துகள் மற்ற மூலங்களின் நுண்துகளைவிடச் சுவாச நோய்க்கு மக்களை மருத்துவமனைக்குப் பல மடங்கு அதிகமாக அனுப்பியதைக் கண்டது. இத்தகைய காற்றில் சிறு பிள்ளைகளைச் சாலையில் இறக்காமல் இருப்பது விவேகம்தான். விடுமுறை அறிவிப்பு பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை மணியும்கூட. ‘இன்று காற்று சரியில்லை’ என்று ஆயிரம் சுவரொட்டி ஒட்டினாலும் உறைக்காதது, ‘இன்று ஸ்கூல் லீவு’ என்றால் உறைத்துவிடும்.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், வீட்டில். விடுமுறை குழந்தையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவே. போய்ச் சேரும் இடத்தின் காற்று எப்படி என்று எந்த உத்தரவும் கேட்பதில்லை. 2024 நவம்பர் 25-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசீ அமர்வு தில்லி வழக்கில் இதைத்தான் தொட்டது. ஏராளமான மாணவர்களின் வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் இல்லை, ஆகவே வீட்டில் இருப்பதற்கும் பள்ளியில் இருப்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகலாம் என்று அமர்வு குறிப்பிட்டது. மதிய உணவு நின்றுபோனதையும், இணைய வகுப்புக்கு வசதியற்ற பிள்ளைகள் விடுபட்டதையும் சேர்த்துச் சொல்லி, மூடலைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கும்படி காற்றுத் தர மேலாண்மை ஆணையத்திடம் கூறியது. அடுத்து வந்தது கலப்பு முறை: விருப்பப்பட்டவர் வரலாம், மற்றவர் திரையில் படிக்கலாம்.

கலப்பு முறை கேட்க இனிமை. நடைமுறையில் யார் வீட்டில் ஏர் பியூரிஃபையர் இருக்கிறதோ அவர் பிள்ளை வீட்டில் இருக்கும். யார் வீட்டில் தாயும் தந்தையும் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டுமோ அவர் பிள்ளை பள்ளிக்கு வரும். விடுமுறையானால் அந்தப் பிள்ளை தெருவில் விளையாடும். மைதானத்தில் ஓடாதே என்று தடுக்கப் பி.டி. மாஸ்டராவது பள்ளியில் இருந்தார். தெருவில் அவரும் இல்லை. இந்த எளிய உண்மையை விடுமுறை உத்தரவு எழுதும் அதிகாரி அறியாதவராக இருக்க முடியாது. இருந்தும் எழுதுகிறார், காரணம் விடுமுறைக்குச் செலவில்லை, பள்ளியில் ஏதேனும் நேர்ந்தால் வரும் கேள்வியும் இல்லை. மூடல் உத்தரவு காப்பாற்றுவதில் நிர்வாகத்தின் பங்கு குழந்தையின் பங்கைவிடப் பெரிது என்றுகூடத் தோன்றும்.

ஏ.எஸ்.ராவ் நகருக்கு மிக நெருக்கமான பாடம் தில்லியைவிடக் கொச்சியில் இருக்கிறது. 2023 மார்ச் 2-இல் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு தீப்பிடித்தது. பிளாஸ்டிக் குப்பை மேட்டின் அடிவரை கனல் இறங்கிவிட, தண்ணீர் பீய்ச்சியும் மண்ணள்ளும் எந்திரங்களால் கிளறியும் அணைக்கப் பதினோரு நாள் பிடித்தது. நகரம் புகைக்குள் கிடந்தது. முதலில் ஏழாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு விடுமுறை. புகை அடங்காததால் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஆனால் பொதுத்தேர்வுகளுக்கு மாற்றமில்லை என்று அறிவித்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு மார்ச் 9-இல் தொடங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் புகைக்குள் போய்த் தேர்வெழுதினார்கள்.

இதில் அடங்கியிருக்கும் முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். காற்று பள்ளிக்கு உதவாது என்றால் தேர்வு அறைக்கு மட்டும் எப்படி உதவும்? தேர்வை ஒத்திவைப்பது மாநிலம் முழுவதையும் பாதிக்கும் என்பது உண்மை. அப்படியானால் தேர்வு மையங்களையாவது சுத்தமான காற்றுள்ள அறைகளாக்கும் ஏற்பாடு கையில் இருந்திருக்க வேண்டும். விடுமுறையைத் தவிர வேறு ஆயுதமே செய்து வைக்காத நிர்வாகம், விடுமுறை விட முடியாத நாளில் வெறுங்கையோடு நிற்கும். பின்னர் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அது கிடங்குக்கான தண்டனை. அறைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

(சென்னைக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2022 ஏப்ரல் 27-இல் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. போகிப் புகையில் 2018-இல் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. போகியன்று பள்ளிக்கு விடுமுறை என்பதால் பிள்ளைகளின் பிரச்சினை எழவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.)

கடல் தாண்டிய தமிழ்ப் பிள்ளைகளின் கதை வேறு. இந்தோனேசியாவின் சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிமண் நிலமும் எரியும்போது மலேசியாவின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் புகைமூட்டத்துக்குள் வரும். 2013 ஜூனில் மூவாரில் மாசுக் குறியீடு 746-ஐத் தொட்டு அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் ஒரே கட்டத்தில் 2,400-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன, ஏறத்தாழ 17 இலட்சம் மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அங்கே வரம்பு தெளிவானது: குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நிகழ்ச்சிகள் ரத்து, 200-ஐத் தாண்டினால் மூடல். யார் முடிவெடுப்பது, எப்போது என்ற குழப்பம் குறைகிறது. பெற்றோர் தாமே எண்ணைப் பார்த்து நாளைய நிலையை ஊகிக்கலாம். இந்தத் தெளிவு தில்லியில்கூட 2017-இல் படிநிலைத் திட்டம் வந்தபிறகுதான் வந்தது. ஹைதராபாத்துக்கு அது இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மூடுவது மட்டுமே உச்சப் படி என்பதால் மலேசியாவும் அதே சுவரில்தான் முட்டுகிறது. கரிமண் தீ வாரக்கணக்கில் புகையும். எத்தனை நாள் மூடுவது?

சிங்கப்பூர் அந்தக் கேள்வியை வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. 2015 செப்டம்பர் 25-இல், குறியீடு அபாயகரம் என்ற 300-ஐத் தாண்டியதால், தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தையும் ஒரு நாள் மூடினார்கள். அதன்பின் அவர்கள் செய்தது அடுத்த விடுமுறைக்கான விதியைத் திருத்துவது அல்ல. வகுப்பறைகளுக்குக் காற்றுச் சுத்திகரிப்பான்களை வாங்கியது. கூடவே எண்ணையும் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள். நாளைய நாளைத் திட்டமிட 24 மணி நேரக் குறியீடு. இப்போது மைதானத்துக்குப் போகலாமா என்று பார்க்க ஒரு மணி நேர நுண்துகள் அளவு. ஒரு பணக்காரக் குட்டித்தீவுக்கு முடிந்தது நமக்கு முடியுமா என்று கேட்கலாம். சுத்திகரிப்பானைப் பற்றி அந்தக் கேள்வி நியாயம். எண்ணைப் பற்றி அது செல்லாது.

இந்தியாவின் காற்றுத் தரக் குறியீடு நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கிடங்கில் அதிகாலை 4 மணிக்குத் தீப்பிடித்தால் காலை 8 மணிப் பிரேயரின்போது காற்றில் நான்கு மணி நேரப் புகை இருக்கும்; குறியீட்டிலோ நேற்றைய இருபது மணி நேர நல்ல காற்றும் கலந்து, எண் ‘மிதமானது’ என்று சிரிக்கும். மறுநாள் புகை கலைந்தபின் குறியீடு ‘மோசம்’ என்று அறிவிக்கும், விடுமுறையும் வரும். புகை நாளில் பள்ளி, நல்ல நாளில் விடுமுறை! அரைநாள் பள்ளி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. இரவில் தரையோடு அடங்கிய புகை வெயில் ஏறியபிறகே மேலெழும்பிக் கலையும். வெயிலுக்குப் பயந்து காலை எட்டு மணிக்கு மாற்றிய வகுப்பு, புகை நாட்களில் பிள்ளைகளை நாளின் மோசமான காற்றுக்குள் கொண்டுவந்து விடுகிறது.

ஏ.எஸ்.ராவ் நகருக்கு இதில் ஒரு தனி அதிர்ஷ்டம் உண்டு. இ.சி.ஐ.எல். நிறுவனத்தை 1967-இல் உருவாக்கிய விஞ்ஞானி ஏ.எஸ்.ராவின் பெயரால், அந்நிறுவன ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு இது. கதிர்வீச்சை அளக்கும் கருவிகளும் வாக்குப்பதிவு எந்திரங்களும் செய்யும் நிறுவனம். அளப்பதே பிழைப்பான ஊர் என்று சொல்லலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கிக் காற்று அளவீட்டு நிலையம் ஒன்று ‘இ.சி.ஐ.எல். காப்ரா’ என்ற பெயரிலேயே இங்கே இயங்குகிறது. இந்தியாவின் பல மாவட்டங்களில் ஒரு நிலையம்கூட இல்லாதபோது, இந்தக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒன்று. மணிக்கு மணி நுண்துகள் அளவு அதிலிருந்து வெளியாகிறது. அதைப் பார்த்துப் பிரேயரை உள்ளே நடத்துவதா வெளியே நடத்துவதா என்று முடிவெடுக்க ஒரு தலைமையாசிரியருக்குக் கலெக்டர் உத்தரவு தேவையில்லை. ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது இந்தியாவின் 24 மணி நேர வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. மணிக்கணக்கு எண் 60-ஐத் தாண்டும் காலையில் பி.டி. பீரியடைச் சதுரங்கமாக மாற்றினால் யாருடைய பாடமும் கெடாது. அமெரிக்கப் பள்ளிகள் சில இதற்காகவே கொடிக்கம்பத்தில் அன்றைய காற்றின் நிறத்துக் கொடியை ஏற்றுகின்றன.

வகுப்பறைக்குள் என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. ‘ஜன்னலை மூடுங்கள், உள்ளே இருங்கள்’ என்பது குளிர்நாட்டு அறிவுரை. மார்ச் இறுதியில், 38 டிகிரியில், நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையின் ஜன்னலை மூடினால் புகைக்குப் பதில் புழுக்கம் வந்து மயங்க வைக்கும். ஏர்கூலர் போட்டால்? ஹைதராபாத் வீடுகளிலும் பள்ளிகளிலும் கோடைக்கு அதுதான் தோழன். ஆனால் ஏர்கூலர் வெளிக்காற்றை இழுத்து ஈரமாக்கி உள்ளே தள்ளும் கருவி. புகை நாளில் அது புகையைத்தான் இழுத்துத் தரும். ஸ்பிளிட் ஏ.சி. உள்காற்றையே சுழற்றும், நுண்துகளை வடிகட்டாது. இந்த வேறுபாடுகளைப் பற்றி நமது விடுமுறை உத்தரவுகளில் ஒரு வரியும் இருப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25-க்கு 20 அடி, 10 அடி உயரமுள்ள வகுப்பறையில் சுமார் 140 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை அதை வடிகட்ட 700 கன மீட்டர் திறன் வேண்டும். வீட்டுக்கு வாங்கும் சாதாரண சுத்திகரிப்பான்கள் இரண்டு அல்லது மூன்று. எல்லா வகுப்புக்கும் வாங்க நடுத்தரத் தனியார் பள்ளியாலும் முடியாது, அரசுப் பள்ளிக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு பள்ளிக்கு ஓர் அறை முடியும். ஏ.சி. உள்ள கணினி அறையோ நூலகமோ எங்கும் ஒன்று இருக்கும். இடுக்குகளை அடைத்து, இரண்டு வடிகட்டிக் கருவிகள் வைத்தால் வீசிங் உள்ள பிள்ளைகளும் மிகச் சிறியவர்களும் அந்த நாளைக் கழிக்க அது போதும். கருவி விலை அதிகமென்றால், பெட்டி விசிறியைச் சுற்றி நான்கு வடிகட்டிகளை ஒட்டிச் செய்யும் கோர்சி–ரோசன்தால் பெட்டி அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்களே செய்யும் கைவேலை. இ.சி.ஐ.எல்.லில் ஓய்வுபெற்ற எஞ்சினியர்கள் தெருவுக்கு நால்வர் இருக்கும் ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

முகக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தில்லியின் 50 இலட்சம் கவசங்கள் நல்லெண்ணத்தில் வந்தவைதான். ஆனால் என்95 தரம் பெரியவர்களின் முகத்துக்கு வகுக்கப்பட்டது. குழந்தையின் கன்னத்தில் இடைவெளி விட்டால் புகை அந்த வழியே நுழையும். வேன் பயணத்துக்குப் பொருத்தமான சிறிய கவசம் உதவும்; அதைக் காட்டிப் பிரேயரை வெளியில் நடத்தினால் உபத்திரவம்.

இன்னும் மலிவான வேலைகள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே கிடக்கின்றன. மதிய உணவை விறகில் சமைக்கும் அரசுப் பள்ளிகள் இன்றும் உண்டு. அந்தப் புகை கிடங்குப் புகைக்குச் சற்றும் இளைத்ததல்ல. புகை நாளில் விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்த துகள் மறுபடி எழும்பும், ஈரத்துணியால் துடைத்தால் எழும்பாது. வாசலில் எரியும் சருகைத் தடுக்க வாட்ச்மேன் போதும்.

ஆகவே விடுமுறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை அதன் இடத்தில் வைக்க வேண்டும். கிடங்கு பக்கத்தில் எரிந்து சாலையே தெரியாத நாளில் மூடுவதுதான் சரி. அப்போதும் உணவும், பெற்றோர் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த ஒரே அறையும் திறந்திருக்க வேண்டும். அதற்குக் கீழான எல்லா நாட்களிலும் முடிவு மாவட்டத் தலைமையகத்தில் இல்லாமல் பள்ளியின் அலுவலக அறையில், நேற்றைய சராசரியை விட்டு இந்த மணி நேர எண்ணைப் பார்த்து எடுக்கப்பட வேண்டும். தில்லி இதை எட்டாண்டு மூடல்களுக்குப் பிறகு அரைகுறையாகக் கற்றது. கொச்சிக்குக் கற்கப் பதினோரு நாள் கிடைத்தது, கற்றதாகத் தெரியவில்லை.

அடுத்த ஒண்டிபூட்ட படுலு மார்ச்சில் தொடங்கும். பெற்றோர் கூட்டம் அதற்கு முன்னால் எப்படியும் ஒன்று நடக்கும். எந்த அறை, யார் எண்ணைப் பார்ப்பது, எந்த எண்ணில் பிரேயர் உள்ளே போகும் என்று அங்கே கேட்கலாம். இ.சி.ஐ.எல். காப்ரா நிலையத்தின் அளவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலும் ‘சமீர்’ செயலியிலும் கிடைக்கிறது. கட்டணம் இல்லை.